இருட்டு கேட்கும் செடி

பதினான்காம் அத்தியாயம்

போன வாரம் ஜூடித் லால்பாகிலிருந்து வீட்டுக்கு ஓடிவந்து சொன்ன செய்தியோடு நிறுத்தியிருந்தேன். அதற்குள் திருச்சியிலிருந்து ஒரு வாசகி, "அந்த ஆம்ப்ரோஸ் மனுஷனா, மரக்கட்டையா?" என்று கார்டு போட்டுவிட்டார். அம்மா, கொஞ்சம் பொறுங்கள். எனக்கே இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை.

இன்றுதான் இந்தக் கதையைக் கையில் எடுக்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. மற்றவர்கள் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு ஓட்டு வீடு. ஆம்ப்ரோஸ், தபால் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் உழைத்து ரிடையரானவர். மனைவி பிரிஜெட். மகள் ஜூடித், இருபத்தெட்டு வயது, கான்வென்ட் பள்ளியில் டீச்சர். இவளுக்கு நாலு வயது இளையவன் நோயல். அப்பா வாங்கிக் கொடுத்த சர்க்கார் வேலையை யாரிடமும் சொல்லாமல் ராஜினாமா செய்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் லண்டனுக்குக் கப்பலேறிவிட்டான். "இனி இந்த வாசப்படிய மிதிக்காதே" என்றார் அப்பா. பையன் வாழ்நாளில் அப்பா சொல்லைத் தட்டாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

முதலில் அம்மாவுக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது. பதினாறு மாதமாக ஒரு வரி கிடையாது. நின்ற புதிதில் பிரிஜெட் புருஷனைப் பார்த்து, "நீங்க சொன்ன வார்த்தைதாங்க என் புள்ளையத் தின்னுடுச்சு" என்றாள். அன்றோடு அவர்கள் இருவருக்கும் நேர்ப்பேச்சு அற்றுப்போயிற்று. அவர் சாப்பிட வரவேண்டுமானாலும் ஜூடித்தான் சொல்ல வேண்டும், அவருக்குத் தலைவலி என்றாலும் ஜூடித்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்தச் செடி. பக்கத்து வீட்டு டென்சில் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டியபோது, பதினாலு வயது நோயலுக்கு ஒரு துண்டு ஒடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கள்ளிதான், ஆனால் முள் கிடையாது. நண்டுக்கால் மாதிரி தட்டைத் தட்டையாகக் கோத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றித் தொங்கும். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் வாரத்தில் நுனிக்கு நுனி ரோஸ் நிறத்தில் பூத்துத் தள்ளும். நோயல் போன பிறகு மூன்று கிறிஸ்மஸ் கடந்துவிட்டது. ஒரு மொட்டுக்கூட வரவில்லை.

'இது பூத்தா எம்புள்ள உசிரோட இருக்கான்.' பிரிஜெட் மனசுக்குள் போட்டுக்கொண்ட கணக்கு இது. ஜூடித்திடம் மட்டும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்.

சரி, காப்பி குடிக்கப் போனவர்கள் வந்துவிட்டீர்களா?

ஜூடித் வியாழக்கிழமை லால்பாகில் பார்த்தது முனிராஜ் என்ற தோட்டக்காரரை. அவர் செடியைப் பார்க்கவே இல்லை. பீடியை அணைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ராத்திரியில அது பக்கத்துல லைட்டு எரியுதாம்மா?"

எரிகிறது. திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே சிவப்புக் குட்டி பல்பு, ராவும் பகலும். நோயல் கப்பலேறிய அன்று பிரிஜெட் நேர்ந்துகொண்டு ஏற்றியது. மழையில் கரண்டு போனாலொழிய அணைந்ததில்லை. அன்றைக்கே செடியையும் கொண்டுவந்து படத்தின் காலடியில், பல்புக்கு ஒரு ஜாண் தள்ளி, ஸ்டூல் போட்டு வைத்தாள். பிள்ளையின் செடி ஆண்டவர் கண் பார்வையிலேயே இருக்கட்டும் என்று.

"அய்யோ, அதான் விஷயம்!" என்றார் முனிராஜ். "இது மணல்காட்டுக் கள்ளி இல்லம்மா. எங்கியோ மழைக்காட்டுல மரத்துமேல சருகுல மொளைக்கிற ஜாதி. பொழுது சுருங்குனாத்தான் இதுக்குப் பூக்கிற நெனப்பே வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு இருட்டாவணும், காலையில எட்டு மணி வரிக்கும் இருட்டு இருக்கணும். நடுவுல ஒரு பல்பு எரிஞ்சாக்கூட இன்னும் பகலுதான்னு நெனச்சிக்கும். பகல்ல நல்லா வெளிச்சம் காட்டு. தண்ணி ஸ்வல்ப கொறச்சிக்கோ, மேல்மண்ணு காஞ்சப்புறம் ஊத்து. குளிர்ச்சியா இருக்கட்டும். மொட்டு வந்துட்டா தொட்டிய நவுத்தாதே, திருப்பாதே. அத்தினியும் கொட்டிடும்."

"கிறிஸ்மசுக்குப் பூக்குமா?"

"தசராவுலயே வெச்சிருக்கணும். இப்பவே லேட்டு. இன்னிக்கு ஆரம்பிச்சா மொட்டாவது நிச்சயம். ஒரு ராத்திரி போனா ஒரு ராத்திரி போச்சு, பாத்துக்கோ."

வியாழன் ராத்திரி போயிற்று. வெள்ளி ராத்திரியும் போயிற்று.

சனிக்கிழமை, நவம்பர் இரண்டாம் தேதி, மரித்தவர்கள் திருநாள். காலைப் பூசை முடிந்து மூன்று பேரும் வீட்டுக்கு வந்து ரொட்டியும் காப்பியுமாக உட்கார்ந்தார்கள்.

"ஜூடித், உங்கப்பாகிட்ட அந்த ரூம் சாவியக் கேளு" என்றாள் பிரிஜெட்.

உங்கப்பா மேஜைக்கு எதிர்ப்பக்கம்தான் இருக்கிறார். கை நீட்டினால் அவர் காப்பிக் கிண்ணத்தைத் தொடலாம்.

"அப்பா, நோயல் ரூம் சாவி வேணும்."

ஆம்ப்ரோஸ் பேப்பரை இறக்கவில்லை. "என்னாத்துக்கு?"

"செடி வைக்கணும்பா. அந்த ரூமுக்குக் கிழக்குப் பார்த்த ஜன்னல். காலையில எட்டு மணிக்குத் தொறந்து, சாயங்காலம் ஆறு மணிக்குச் சாத்திட்டா போதும். வேற எங்க வைக்கிறது? ஹால்ல பல்பு. ஹால்லதான் நானும் படுக்கிறேன், பத்து மணி வரைக்கும் நோட்டுத் திருத்தறேன். உங்க ரூம்ல நீங்க பதினோரு மணி வரைக்கும் படிக்கிறீங்க. சமையல்கட்டுல அடுப்புச் சூடு. வாசல்ல தெருவிளக்கு. எனக்குன்னு ஒரு ரூம் இருந்தா அதுல வெச்சிருப்பேன்."

கடைசி வாக்கியத்தை ஜூடித் சாதாரணமாகத்தான் சொன்னாள். யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று வருஷமாக ஹாலில் படுக்கிற பெண்ணுக்கு அடுத்தாற்போல் ஒரு அறை பூட்டிக் கிடக்கிறது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. எனக்கு மட்டும் கோபம் வருகிறது.

"கூடையக் கவுத்து வெச்சா ஆவாதா?" என்றார் அப்பா.

"கூடை இடுக்குல வெளிச்சம் வரும். துணி போட்டு தினம் எடுத்தா கணு ஒடியும். எல்லாம் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"அந்த ரூமைத் தொறக்க முடியாது. சொல்லிடு."

"ஏன்னு கேளு" என்றாள் அம்மா.

"முடியாதுன்னா முடியாது. சொல்லிடு."

ஜூடித் கண்ணை மூடித் திறந்தாள். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "சரி, அது இருக்கட்டும். நான் ஒண்ணு சொல்லணும். நேத்து மதர் என்னக் கூப்பிட்டு..."

"ஜூடித், உங்கப்பாகிட்ட சொல்லு. இந்தச் செடி மட்டும் இந்த வருஷமும் பூக்காமப் போச்சுன்னா, அவரு மொகத்துல நான் முழிக்க மாட்டேன்."

"இப்ப மட்டும் முழிக்கிறாளான்னு கேளு."

ஜூடித் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். காகிதத்தை மடித்துக் கைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டாள். கோலார் தங்கவயல் பள்ளிக்கு மாற்றலாகிப் போக இஷ்டமா என்று கான்வென்ட் மதர் கேட்டிருக்கிறார். தங்க இடமும் தருவார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தது. ரொட்டி ஆறிப்போயிருந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மத்தியானம் ஜூடித் சிவாஜிநகருக்குப் பூ வாங்கப் போனாள். ஆம்ப்ரோஸ் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டார். பிரிஜெட் ஹாலில் தனியாக இருந்தாள்.

செடிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மேலே படம், படத்துக்குக் கீழே சிவப்பு பல்பு. வியாழனிலிருந்து அந்த ஸ்விட்சின் பக்கம் நாலைந்து தடவை போய்த் திரும்பியிருக்கிறாள். கை மேலே எழும்பவில்லை. நேர்ந்துகொண்ட விளக்கை அணைத்துவிட்டு அப்புறம் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்?

ஆனால் அதைவிடப் பெரிய முள் ஒன்று இரண்டு நாளாகத் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக அந்தச் செடியைப் பூக்கவிடாமல் செய்தது யார்? புருஷன் இல்லை. ஊர்க் கண் இல்லை. அவளேதான். பிள்ளைக்காக ஏற்றிய விளக்கினால் பிள்ளையின் செடியைத் தூங்கவிடாமல் அடித்திருக்கிறாள்.

"ஆண்டவரே" என்றாள் படத்தைப் பார்த்து. "நான் ஒண்ணும் தெரியாதவ. உமக்குத் தெரியும்ல? மூணு வருஷமா ரெண்டையும் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறீரு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. பிரிஜெட்டுக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் பக்கத்தில் யாரும் இல்லை என்பது உறைத்தது. அழுவதற்கு முன்னாலும் இல்லைதான். மூக்கைச் சிந்திவிட்டு எழுந்துபோய் மூன்று பேருக்கும் சாயங்காலத்துக்கு உடுப்பை எடுத்துவைத்தாள்.

நான்கு மணிக்குக் கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. காக்ஸ் டவுன், அல்சூர், கிளீவ்லண்ட் டவுன் என்று எல்லாச் சனமும் அங்கேதான். சுண்ணாம்பு அடித்த கல்லறைகள்மேல் செவ்வந்தியும் ஊதுவத்தியும். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தார். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையைச் சுற்றிக் கூடி நின்றிருந்தது.

இவர்களுக்கு மூன்று கல்லறை. ஆம்ப்ரோஸின் அப்பா, அம்மா, பிரிஜெட்டுக்கு ஆறு நாள் மட்டும் பிள்ளையாக இருந்த தலைச்சன் குழந்தை. மூன்று மெழுகுவத்தி. ஜூடித் ஏற்றினாள். ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று ஜெபம் சொன்னார்கள். முடிந்தது, போகலாம்.

ஆம்ப்ரோஸ் போகவில்லை. கோட்டுப் பையிலிருந்து நாலாவதாக ஒரு மெழுகுவத்தியை எடுத்தார்.

தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவை ஒன்று உண்டு. வெளியூரிலும் வெளிதேசத்திலும் செத்துப்போய், இங்கே கல்லறை இல்லாதவர்களுக்காக அதன் அடியில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பர்மாவில் காணாமல் போனவர்களுக்கு, பட்டாளத்தில் போனவர்களுக்கு. அங்கே ஏற்றுகிறவர்கள் யாரோடும் பேச மாட்டார்கள். ஆம்ப்ரோஸ் நேரே அங்கே நடந்துபோய்க் குனிந்து, தன் மெழுகுவத்தியை மற்றவர்களுடையதில் காட்டி ஏற்றி, மண்ணில் நட்டார்.

பிரிஜெட் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வம்சத்தில் வெளியூரில் செத்தவர் யாரும் கிடையாது. அவள் வம்சத்திலும் கிடையாது.

அவள் நடந்தாள். சிலுவையடிக்குப் போய், அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அந்த மெழுகுவத்தியின் திரியை இரண்டு விரலால் நசுக்கி அணைத்தாள். விரல் சுட்டதா என்று கேட்காதீர்கள், சுட்டிருக்கும்.

"ஜூடித்" என்றாள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உங்கப்பாவக் கேளு. இது யாருக்குன்னு கேளு."

ஆம்ப்ரோஸ் எழுந்து நின்றார். முழங்காலில் மண். "ஜூடித், உங்கம்மாகிட்ட சொல்லு, அணைச்சது பாவம்னு."

"பாவமா? உசிரோட இருக்கிற புள்ளைக்கு மெழுகுவத்தி ஏத்தறது என்னான்னு கேளுடி அவர!"

"உசிரோட இருக்கான்னு இவளுக்கு யாரு சொன்னாங்கன்னு கேளு!"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜூடித் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். கையில் மிச்சப் பூவுள்ள இலைப்பொட்டலம். முதலில் அவள் முகம் சிவந்தது, அப்புறம் வெளுத்தது.

"போதும்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "நான் என்ன இந்த வீட்டுத் தபால்காரியா? பதினாறு மாசமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சுமந்துக்கிட்டுத் திரியறேன். அப்பா கையில இருந்து வாங்கி அம்மா கையில, அம்மா கையில இருந்து வாங்கி அப்பா கையில. எனக்குன்னு ஒரு வரி யாராச்சும் குடுத்தீங்களா? காலையில ஒண்ணு சொல்ல வந்தேனே, என்னான்னு கேட்டீங்களா?"

"என்னாடி?" என்றாள் பிரிஜெட்.

"இப்பக் கேக்காதே. போனவனுக்கு ஒருத்தர் விளக்கு வைக்கிறீங்க, ஒருத்தர் மெழுகுவத்தி வைக்கிறீங்க. இருக்கிறவளுக்கு ஒண்ணும் வேணாம். நீங்களே பேசிக்கோங்க."

பூப்பொட்டலத்தை அப்பா கையில் திணித்துவிட்டு அவள் கூட்டத்துக்குள் புகுந்து போய்விட்டாள். பச்சைப் புடவை கேட் வரையில் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

அவள் பின்னாலேயே போய்ப் பார்க்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் மணி ஐந்து. ஆறு மணிக்குள் செடி இருட்டுக்குப் போக வேண்டும். ஆகவே நாம் இந்த இரண்டு பேரோடுதான் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

வழி முழுவதும் ஆம்ப்ரோஸ் முன்னால் நடந்தார். பிரிஜெட் ஆறடி பின்னால். அல்சூர்ப் பக்கத்துச் சரிவில் அவர் ஒரு தடவை நின்று, "ஜூடித், அம்மாவப் பாத்து வரச்..." என்று ஆரம்பித்துவிட்டுத் திரும்பினார். ஜூடித் இல்லை. வாயை மூடிக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிரிஜெட் செருப்பைக் கழற்றினாள். நேரே ஹாலுக்குப் போனாள். ஸ்டூலிலிருந்து தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள். பூட்டிய அறைக்கு முன்னால் கொண்டுவந்து நின்றாள்.

கேட்கவில்லை. தட்டவில்லை. கேட்டுச் சொல்ல ஆளில்லை. சும்மா நின்றாள். கனமான தொட்டி. ஐந்து நிமிஷம் ஆயிற்று. கீழே வைக்கவில்லை.

ஆம்ப்ரோஸ் தன் அறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கோட்டுப் பைக்குள் கை விட்டுச் சாவியை எடுத்தார். பூட்டைத் திறக்க அவருக்கு மூன்று தடவை ஆயிற்று.

மூன்று வருஷத்துத் தூசியையும் ஒட்டடையையும் எதிர்பார்த்துத்தான் பிரிஜெட் உள்ளே கால் வைத்தாள். தூசி இல்லை. தரை பெருக்கியிருந்தது. கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. ஜன்னலோரம் மேஜை, அதன்மேல் மைப்பாட்டில். மை காயவில்லை. நாற்காலி யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி கொஞ்சம் தள்ளியிருந்தது.

மேஜைமேல் நீல நிற ஏர் லெட்டர்கள் ஒரு கட்டு. மேலே இருந்ததைப் பார்த்தாள். நோயலின் பெயர், லண்டன் விலாசம். ஆம்ப்ரோஸின் கையெழுத்து. குறுக்கே முத்திரை குத்தியிருந்தது. இங்கிலீஷ் அவளுக்கு அவ்வளவு வராது. ஆனால் 'இந்த ஆள் இங்கே இல்லை' என்பதை எந்தப் பாஷையில் குத்தினாலும் புரியும். அடுத்ததிலும் அதே முத்திரை. அதற்கடுத்ததிலும்.

வாசப்படியை மிதிக்காதே என்று பிள்ளையிடம் சொன்ன மனுஷன் மாதா மாதம் பிள்ளைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அது திரும்பி வந்ததும், வீட்டுக்கு வருவதற்கு முன்னால் காலையிலேயே தபாலாபீசுக்குப் போய்க் கையில் வாங்கி, இங்கே கொண்டுவந்து பூட்டி வைத்திருக்கிறார்.

கோயிலில் ஆறு மணி அடித்தது.

பிரிஜெட் தொட்டியை ஜன்னல் திட்டில் வைத்தாள். மேல்மண்ணை விரலால் அழுத்திப் பார்த்தாள். காய்ந்திருந்தது, நாளைக்கு ஊற்றினால் போதும். ஜன்னல் பலகைகளை ஒவ்வொன்றாகச் சாத்திக் கொக்கி போட்டாள். ஹால் வெளிச்சம் மட்டும் கதவு வழியாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அவர் நிலைப்படியிலேயே நின்றார்.

"உள்ள வந்து கதவச் சாத்துங்க" என்றாள். "செடிமேல வெளிச்சம் படுது."

பதினாறு மாதத்துக்குப் பிறகு நேராக அவரிடம் சொன்ன முதல் வார்த்தை. அவருக்குச் சட்டென்று புரியவில்லை. யாரிடம் சொல்கிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அப்புறம் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

கும்மிருட்டு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

"உசிரோட இருக்கானா?" என்றாள்.

"தெரியலே பிரிஜெட்."

"தெரியாமயா ஏத்துனீங்க?"

"போன வாரந்தான் ஆகஸ்ட் மாசத்துது திரும்பி வந்துச்சு. ஒருவேள... ஒருவேள போயிருந்தான்னா, அங்க அவனுக்கு யாரு ஏத்துவாங்க? யாருமே ஏத்தாத ஒரு கல்லறையில கெடப்பானேன்னு இருந்துச்சு. இருந்தான்னா ஆண்டவரு மன்னிச்சுக்குவாரு. போயிருந்தான்னா ஒரு வெளிச்சமாவது..." அதற்குமேல் அவருக்கு முடியவில்லை. ஆம்ப்ரோஸ் அழுகிற சத்தத்தைப் பிரிஜெட் முப்பத்தோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் கேட்டாள்.

திருச்சி வாசகிக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். "நானும் தனியா, நீங்களும் தனியா. ஒரே புள்ளைக்கு."

"எந்த மொகத்த வெச்சிக்கிட்டுச் சொல்லுவேன்? போடான்னு சொன்னவன் நான்தானே."

அவள் இருட்டில் மேஜையைத் தடவி அந்தக் கட்டை எடுத்து எண்ணினாள். "எத்தினி போட்டீங்க?"

"ஆகஸ்ட் வரைக்கும் பதினொண்ணு."

"பத்துதான் இருக்கு."

"ஆமா. ஜூன் மாசத்துது மட்டும் வரலே. அதுக்கு அப்புறம் போட்ட ரெண்டும் வந்துடுச்சு. அது வரலே."

பிரிஜெட் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். "விலாசம் மாத்தி எழுதினீங்களா?"

"அதே விலாசந்தான்."

"அதுல என்னா எழுதினீங்க?"

"மத்த பத்துலயும் பக்கம் பக்கமா புத்திமதி. ஏன் போனே, எதுக்குப் போனே, அம்மா எப்பிடி ஆயிட்டா பாரு, அப்பிடி இப்பிடின்னு." அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஜூன்ல ஒடம்பு சரியில்லாம இருந்தேனே, அப்ப கையே எழும்பலே. 'வா'ன்னு மட்டும் எழுதி ஒட்டிப் போட்டேன்."

யாரோ அதைப் பிரித்திருக்கிறார்கள். அல்லது எங்கேயோ தொலைந்து போயிருக்கிறது. இரண்டில் எது என்று அந்த இருட்டில் அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிரிஜெட் கடிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே எதிர்வீட்டுச் சந்திரம்மாவின் ரேடியோவில் கன்னடச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கே இன்னொண்ணு எழுதறேன்" என்றார். "அதே மாதிரி."

"எழுதுங்க."

பிறகு பிரிஜெட் திடுக்கிட்டு எழுந்தாள். "மணி என்னாங்க ஆச்சு?"

"ஆறரை இருக்கும்."

"ஜூடித் வரலியே."

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"லண்டனுக்கு நாளைக்கு எழுதிக்கலாம்" என்றாள் பிரிஜெட். "மொதல்ல ஊருக்குள்ள இருக்கிறவளப் போய் வான்னு கூப்பிடுங்க. நான் செடியப் பாத்துக்கறேன். கதவ ஒருக்களிச்சு மட்டும் தொறங்க, வெளிச்சம் உள்ள வரப்போவுது."

ஆம்ப்ரோஸ் கதவை ஒரு முழம் திறந்து, பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்து, மறுபடி சாத்தினார். கோட்டைப் போட்டுக்கொண்டார். வாசலுக்கு வந்து கேட்டைத் திறந்தார்.

தெருவில் நின்றார். ஜூடித்துக்குச் சிநேகிதி யார்? தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் எந்த பஸ்ஸில் வருகிறாள், மனசு சரியில்லை என்றால் எந்தக் கோயிலில் போய் உட்காருவாள்? அதுவும் தெரியவில்லை. இன்றைக்குக் காலையில் அவள் சொல்ல வந்தது என்ன?

லண்டன் வீட்டு நம்பர், தெரு, ஏரியா எல்லாம் அவருக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

பிரேசர் டவுன் பக்கம் போவதா, பஸ் ஸ்டாண்டுக்குப் போவதா? முப்பத்திரண்டு வருஷம் ஊர்க்காரர்களின் விலாசங்களைத் தேடிப் பிரித்த மனுஷன், சொந்த மகளைத் தேடி எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.